அணுமணிக்கூடும் ராகுகாலமும்

என் கணவர் முப்பத்தொரு வருடம் மெல்பேணில் பஸ் ஓட்டியவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளாவது ராகுகாலம் என்று சொல்லி பஸ்ஸை நிறுத்தி வைத்ததில்லை. வைத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் மனிதருக்கு இந்தப் பித்துப் பிடித்தது. குசினிச் சுவரில் கோயில் கலண்டர் தொங்கும். பல் டொக்டரிடம் போவதற்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுவார். நான் சில நாள் சிரிப்பேன், சில நாள் சத்தம் போடுவேன். போன பெப்ரவரியில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால்தான் பதில் சொல்லக் கஷ்டம்.

ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் ஓர் அளவீட்டு ஆய்வுகூடத்தில் எனக்கு இருபத்தாறு வருட வேலை. ஊரில் பௌதிகம் படித்துவிட்டு இங்கே வந்து, இரண்டு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் நின்று, பிறகு கிடைத்த வேலை. மற்றவர்களின் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்துக் கொடுப்பது எங்கள் தொழில். என் பகுதி, நேரம். அதற்கென்று புதிய அணுமணிக்கூடு ஒன்று உண்டு. ஆனால் அறையின் மூலையில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அறுபதுகளின் கடைசியில் செய்து விற்கப்பட்ட சீசியம் மணிக்கூடு. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் பருமன்தான், ஆனால் இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும். வேலையிலிருந்து அதற்கு எப்போதோ ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஓய்வு கொடுக்காதவள் நான் ஒருத்திதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உள்ளே ஒரு குவாட்ஸ் இருக்கிறது. நேரத்தை எண்ணுவது அதுதான், உங்கள் கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போல. ஆனால் அது தன் பாட்டில் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வழி தவறும். அதைக் காதில் பிடித்து இழுத்து நேராக வைத்திருப்பவை சீல் வைத்த குழாய்க்குள் இருக்கும் சீசியம் அணுக்கள். அணுக்களின் பிடி இருக்கிறது என்பதற்கு முகப்பில் ஒரு பச்சை லைற் எரியும். அது அணைந்தாலும் இலக்கங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அப்போது அது அணுமணிக்கூடு இல்லை. குழாயோடு ஒட்டி ஒரு சின்னப் பம்பும் உண்டு. உள்ளே வெற்றிடத்தைக் காப்பது அது. எங்கள் மணிக்கூட்டின் வயதில் அந்தப் பம்ப் ஒருதரம் நின்றால் குழாய் திரும்ப எழும்பாது. புதுக் குழாய் வாங்கலாம் என்றால் அந்த வகையை இப்போது யாரும் செய்வதில்லை.

அந்தக் குழாயைப் போட்டு இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. போட்டவள் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் வானத்துச் செய்மதி அனுப்பும் நேரத்துக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து கொப்பியில் எழுதுவேன். எழுதுவேன், அவ்வளவுதான். திருத்த மாட்டேன். எங்கள் தொழிலில் பிழையாக ஓடும் மணிக்கூட்டைத் தள்ளிச் சரிசெய்வது பாவத்திலும் பாவம். எவ்வளவு பிழை என்று தெரிந்தால் போதும், அதை அப்படியே ஓட விட வேண்டும். கை வைத்தால் அதுவரை எழுதிய கொப்பி முழுக்கக் குப்பை. இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. எல்லாரும் தலையாட்டிவிட்டு, "அப்ப ஏன் திருத்தக் கூடாது?" என்று கேட்பார்கள்.

போன வருடம் ஆய்வுகூடத்தை கிரெய்கிபர்னில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றுவதென்று முடிவானது. மனேஜர் சென்னைக்காரர், நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர். மற்றவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் பேசுவார், தனியே என்றால் என்னை அக்கா என்பார். பழைய சாமான்களின் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து என் மூலையில் நின்றார்.

"அக்கா, இது டிஸ்போசல்ல போட்டிருக்காங்க. உள்ள சீசியம் இருக்குல்ல, அபாயக் கழிவு."

"இது ஓடுது தம்பி. இருபத்து மூண்டு வருஷமா நிக்காமல் ஓடுது."

அவர் குனிந்து பச்சை லைற்றைப் பார்த்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். புதுக் கட்டடத்தின் முன்மண்டபத்தில் பார்வையாளர்களுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்களாம். ஓடுகிற மணிக்கூடாக அங்கே வந்து சேர்ந்தால் அதற்குள் வைக்கலாம். நின்றுபோன மணிக்கூடு என்றால் கழிவு வண்டியில் ஏற வேண்டியதுதான். இதற்கென்று தனி வாகனமெல்லாம் தரமாட்டார்கள். "நீங்களே எப்படியாவது கொண்டு வந்துடுங்க" என்றார்.

சரி என்றேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு விளக்கப் பலகையும் எழுதித் தரச் சொன்னார். அதற்காக இரண்டு கிழமை இருந்து எழுதினேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அணுமணிக்கூடு என்றால் அது ஓர் அறை முழுக்க நிறைந்த சாமான், பம்புகள் இரைந்துகொண்டிருக்கும், பட்டம் பெற்ற நாலு கலாநிதிகள் பக்கத்தில் நின்று தாலாட்ட வேண்டும். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் சீசியம் அணுக்களை நீரூற்றுப் போல மேலே எறிந்து, விழுந்து வரும்போது அளக்கலாம் என்று ஆசைப்பட்டார். எவ்வளவோ முயன்றும் ஒரு சிக்னல்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பெரிய ஆசைக்குப் பக்கத்தில் சின்னதாகச் செய்த இன்னொன்றுதான் உருப்பட்டது. ரேடியோ செய்து விற்ற ஒரு கம்பனி அதை எடுத்து, ஆளைவிட உயரமான அலுமாரிக்குள் வைத்து, ஐம்பதுகளின் நடுவில் விலைக்கு விட்டது. குழாயைச் சீல் வைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். இனிக் கலாநிதிகள் வேண்டாம், சுவரில் பிளக்கைப் போட்டால் போதும் என்று சொல்லி விற்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சீசியம் ஈரக்காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். அதைக் குழாய்க்குள் அடைத்து, வாட்டி, சீல் வைத்து, ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்ற தொழிலாளர்கள் யார் என்று நான் தேடிய இடமெல்லாம் ஒரு வரி இல்லை. அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதினேன்.

அறுபதுகளில் வேறொரு கம்பனி அலுமாரியைப் பெட்டியாகச் சுருக்கியது. அந்தப் பெட்டிகளைப் பற்றரியில் ஓடவிட்டபடியே பயணிகள் விமானத்தில் ஏற்றி, மணிக்கூட்டுக்கும் ஒரு சீற் எடுத்து, நாடு நாடாகக் கொண்டுபோய் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். விமான நிலையங்களில் பிளக் தேடி ஓடியிருக்கிறார்கள். இதையும் எழுதினேன். மனேஜர் வாசித்துவிட்டு, "சூப்பர் அக்கா. ஆனா யாரும் நின்னு படிக்க மாட்டாங்க" என்று சொல்லி ஐந்து வரியாக வெட்டினார். தொழிலாளர்கள் போனார்கள், விமானம் போனது. கடைசி வரியை மட்டும் விடச் சொல்லிச் சண்டை பிடித்தேன். "இருபத்து மூன்று வருடங்களாக ஒருமுறையும் நிற்காமல், ஒருமுறையும் திருத்தப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது." அந்த வரி இருந்தது. பலகை அச்சுக்குப் போனது.

கொண்டுபோகும் நாள் சனிக்கிழமை. பழைய கட்டடத்தில் காலை எட்டரைக்குக் கரண்டை வெட்டுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. பற்றரிப் பொதி ஒன்று கட்டி, அதில் மணிக்கூடு ஐந்து மணித்தியாலம் ஓடும் என்று முன்கிழமையே சோதித்து வைத்திருந்தேன். கிரெய்கிபர்னுக்கு ஒன்றேகால் மணித்தியால ஓட்டம். மனேஜர் அங்கே கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். எல்லாம் ஒழுங்கு. எட்டரைக்குச் சுவர் பிளக்கைக் கழற்றினேன். பச்சை லைற் அசையவில்லை. நானும் கணவரும் காவலாளியும் சேர்ந்து தள்ளுவண்டியில் ஏற்றினோம். அந்தச் சனியன் பிடித்த தள்ளுவண்டியின் சில்லு லிஃப்ட் வாசலில் சிக்கியது. அதை எடுத்து, மணிக்கூட்டைக் காரின் பின்சீற்றில் வைத்து பெல்ற் கட்டி முடிக்க ஒன்பது தாண்டிவிட்டது.

கணவர் ஸ்டியரிங்கில் கை வைத்தார், கைத்தொலைபேசியைப் பார்த்தார், கையை எடுத்தார்.

"இஞ்சாரும், ஒம்பது அடிச்சிட்டுது. சனிக்கிழமை ஒம்பது தொடக்கம் பத்தரை ராகுகாலம். கொஞ்சம் இருந்து போவம்."

"உங்களுக்கு விசரோ? பற்றரி ஓடிக்கொண்டிருக்கு!"

"அஞ்சு மணித்தியாலம் நிக்கும் எண்டு நீர்தானே சொன்னனீர்."

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டேக்க ராகுகாலம் பார்த்தனீங்களோ?"

"அது வேலை. இது நல்ல காரியம். பிள்ளை மாதிரி வச்சுப் பார்த்த சாமான், வழியில ஒண்டு நடந்தா நீர்தான் அழுவீர்."

மனக்கணக்குப் போட்டேன். பத்தரைக்குப் புறப்பட்டாலும் பன்னிரண்டுக்கு முன் போய்விடலாம், பற்றரி ஒன்றரை வரை நிற்கும். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காவலாளி வீட்டுக்குப் போய்விட்டார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மரம் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கணவர் போய் வாழைப்பழமும் தேத்தண்ணியும் வாங்கி வந்தார்.

பத்து இருபத்தைந்துக்குத் தலையில் கை வைத்தார்.

"ஐயோ."

"என்ன?"

"சம்மர் ரைம்! கலண்டரில போட்டிருக்கிறது பழைய நேரம். ஒரு மணித்தியாலம் கூட்ட வேணும். இது பத்து தொடக்கம் பதினொண்டரை."

இங்கே கோடையில் எல்லாரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள்; எனக்கு அது விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. "அப்ப ஒம்பது மணிக்கு ராகுகாலம் இல்லையோ?"

"இல்லை."

"நல்ல நேரம் முழுக்க இதுக்குள்ள குந்திக்கொண்டு இருந்திட்டு, இப்பதான் உண்மையான ராகுகாலம் நடக்குதோ?"

"ஓம்" என்றார், மெல்லிய குரலில்.

நான் போட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப்பக்கம் நாய் குரைத்தது. கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். ஆனால் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் உறைத்தது. எனக்கும் அது ஞாபகம் வரவில்லை. இருபத்தாறு வருடம் நேரத்தை அளந்தே சாப்பிட்டவள் நான். எங்கள் அறையில் உலகப் பொது நேரம் மட்டும்தான். அதற்கு சம்மரும் இல்லை, வின்ரரும் இல்லை. ஒரு மணித்தியாலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வெளி ஆட்களின் வேலை என்று இருந்தே பழகிவிட்டது.

இனி நான் சொல்ல வெட்கப்படுவது. காரின் மற்றச் சாவி என் கைப்பையில் இருந்தது. அவரை இறக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவர் தடுத்திருக்க மாட்டார், தடுக்கிற ஆளும் இல்லை. சாவியைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு, பின்சீற்றில் எரிந்த அந்தப் பச்சை லைற்றைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது எடுத்து, வழியில் ஏதாவது நடந்தால்? இத்தனை வருடம் ராகுவையும் கேதுவையும் நக்கலடித்தவளுக்கு, ஒன்று உண்மையாக வேண்டும் என்று வந்தபோது பயம் பிடித்துவிட்டது. பதினொன்றரைக்குப் புறப்பட்டால் ஒன்றுக்குள் போய்விடலாம், அப்போதும் அரை மணித்தியாலம் கையில் இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டேன். "சரி, இருந்து போவம்" என்றேன். அவருக்கே நம்ப முடியவில்லை.

பதினொன்று முப்பத்தொன்றுக்குக் கார் புறப்பட்டது. ரிங் ரோட்டில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கரவன் வண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார்கள். வெளியே நாற்பது பாகை வெயில். நான் பற்றரியைச் சோதித்தது குளிரூட்டிய அறையில், அதுவும் ஒரேயொரு தடவை. ஒன்று அடிக்க முன்பே பற்றரிப் பொதியின் எச்சரிக்கை மணி கீச்சிட்டது. காரின் சொக்கற்றிலிருந்து கரண்ட் எடுக்கப் பார்த்தேன், ஃபியூஸ் போனதுதான் மிச்சம். நகராத ரோட்டில், சீற்றில் முழந்தாளிட்டுத் திரும்பியபடி அந்த லைற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது ஒருமுறை சிமிட்டியது. பிறகு அணைந்தது.

"போயிட்டுது" என்றேன்.

கணவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். இலக்கங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. "ஓடுதுதானே, பிறகென்ன?"

"வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கோ" என்றேன். அவர் ஓட்டுவதற்கு ரோட்டு எங்கே அசைந்தது? சில நிமிடத்தில் இலக்கங்களும் போயின.

இரண்டு மணிக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மனேஜர் சிரித்த முகத்தோடு ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். பிளக்கைப் போட்டேன். பம்பின் மீற்றரில் முள் உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. வெற்றிடம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு மணித்தியாலம் பார்த்தேன், இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். முள் இறங்கவில்லை, பச்சை லைற் வரவில்லை. இலக்கங்கள் மட்டும் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தன. நான் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வர, மனேஜர் தன் கைத்தொலைபேசியைப் பார்த்துப் பார்த்து மணிக்கூட்டின் பொத்தானை அமத்திக்கொண்டிருந்தார்.

"இப்ப கரெக்டா இருக்கு பாருங்க, அக்கா."

கைத்தொலைபேசியைப் பார்த்து அணுமணிக்கூட்டைச் சரிசெய்த மனிதரை நான் என் கண்ணால் பார்த்தேன். உள்ளதைச் சொன்னேன். "தம்பி, இது செத்திட்டுது. ஓடுறது வெறும் குவாட்ஸ். நீங்கள் சொன்ன மாதிரிக் கழிவுக்குத்தான் அனுப்ப வேணும்."

"நம்பர் ஓடுதுல்லக்கா? அப்புறம் என்ன? நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டு வந்திருக்கீங்க, இதைப் போய் எப்படிக் குப்பையில போடுவேன்? யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் மனதார எனக்கு நல்லது செய்தார். அதுதான் எரிச்சல். கத்தவும் முடியவில்லை. பலகையின் கடைசி வரியையாவது மாற்றச் சொன்னேன். அச்சாகி வந்துவிட்டது, சுவரிலும் பூட்டியாயிற்று என்றார். நான் அதோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் இருக்கிறது: எனக்கும் அது அங்கே இருக்க வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்குள், மேலே விளக்குப் போட்டு, மரியாதையாக.

மூன்று கிழமை தினமும் அதைக் கடந்து உள்ளே போனேன். தலையைத் திருப்பிக்கொண்டு போனேன். திறப்பு விழா அன்று முன்மண்டபம் நிறையச் சனம். கேக், பழச்சாறு, முன்மேசையில் சிட்னியிலிருந்து வந்த பெரிய அதிகாரிகள். ஒரு மனிதர் பலகையை வாசித்தார். கடைசி வரியைத் தன் மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்று, எங்கள் மணிக்கூட்டின் இலக்கத்தைப் பார்த்து அதைத் திருத்தத் தொடங்கினார். அன்று காலைதான் மனம் கேளாமல் அளந்து பார்த்திருந்தேன், எங்களுடையது இரண்டு வினாடி பிழை. அவருடையது ஒருவேளை சரியாகவே இருந்திருக்கும்.

பழச்சாற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போனேன். சின்னக் கதவைத் திறந்து பிளக்கைப் பிடுங்கினேன். இருபத்து மூன்று வருடத்தில் அதைக் கரண்டில்லாமல் விட்டது அந்தச் சனிக்கிழமை ஒருநாள்தான். இந்தத் தடவை வேண்டுமென்றே, என் கையால். மனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பாவம், முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்க்கா இப்படி?"

"அது பொய் சொல்லுது தம்பி. இத்தனை வருஷம் ஒரு பொய் சொன்னதில்லை."

திங்கட்கிழமை கழிவுப் படிவம் என் மேசைக்கு வந்தது. சாமானின் பெயர், நிறை, உள்ளிருக்கும் அபாயப் பொருள், எல்லாம் நிரப்பினேன். "பழுதுக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. வயது, மின்கோளாறு, வேறு என்று மூன்று தெரிவு. வயது என்று போட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மனேஜரும் அதில்தான் பென்சிலால் மெல்லிய அடையாளம் வைத்து அனுப்பியிருந்தார். அதை அழித்துவிட்டு, "வேறு" என்பதில் சரி போட்டு, எதிரே எழுதினேன்: நேரத்துக்குப் புறப்படவில்லை. பிழை என்னுடையது.